பட்டறைக் கணக்கை ரெஸ்யூமில் போடுங்கள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

நமது இதழில் பைத்தான் தொடர் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்தக் கோர்ஸ் படிக்கலாம், எந்தக் கல்லூரி நல்லது என்றுதான் கேட்பீர்கள். இப்போது வருபவை வேறு மாதிரி. பி.காம். முடித்துவிட்டு யூடியூப் பார்த்து கோடிங் கற்றவர் எழுதுகிறார். டிப்ளமோவில் இரண்டு அரியர் நிற்கிறது, ஆனால் ரியாக்ட் நன்றாக வரும் என்று ஒருவர் எழுதுகிறார். விலங்கியல் படித்து, கல்யாணமாகி, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு மத்தியான நேரத்தில் எஸ்.க்யூ.எல். கற்றுக்கொண்ட மதுரை வாசகி ஒருவர் எழுதுகிறார். கடிதத்தின் கடைசிப் பத்தி மட்டும் எல்லாரிடமும் ஒன்றுதான். எனக்கு வேலை தெரியும், காகிதம்தான் இல்லை, கம்பெனிக்காரர்களை எப்படி நம்ப வைப்பது?

தனித்தனியாகப் பதில் எழுதிக் கட்டுப்படியாகவில்லை. இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் கசப்பைச் சொல்லிவிடலாம். நீங்கள் திறமைசாலியா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் விண்ணப்பம் ஓரங்கட்டப்படுகிறது. ஒரு ஃபிரெஷர் வேலைக்கு விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். பெரிய கம்பெனி என்றால் கேட்கவே வேண்டாம். அவற்றை முதலில் பார்ப்பவருக்கு கோடிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எச்.ஆர். பிரிவில் இருக்கும் அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ.; பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம்; நிற்கிற அரியர் கூடாது. வேலைவாய்ப்புத் தளத்தில் அந்தக் கட்டங்களை டிக் செய்த மாத்திரத்தில் நீங்கள் திரையிலிருந்து காணாமல் போய்விடுகிறீர்கள். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சாயங்காலத்துக்குள் இருபது பெயர்களை அவர் மேலே அனுப்ப வேண்டும். உதவாத ஆளை அனுப்பினால் திட்டு விழும். நல்ல ஆளைத் தவறவிட்டால் அது யாருக்கும் தெரியவே போவதில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்வீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டம் வாங்கியவருக்கு கோடிங் வரும் என்று அந்தக் கம்பெனிகளே நம்புவதில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் மைசூருவில் ஒரு சிறு நகரம் போலப் பயிற்சி வளாகம் கட்டி, வேலைக்கு எடுத்த பொறியியல் பட்டதாரிகளுக்கு மாதக்கணக்கில் புரோகிராமிங் சொல்லித் தருகிறது. நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவருக்கு எதற்குத் திரும்பப் பாடம் என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் அங்கே செய்கிற வேலை வேறு. இவர் நான்கு வருடம் ஒரு காரியத்தில் நிலைத்து நின்றிருக்கிறார், பரீட்சை எழுதியிருக்கிறார், ஒரு பல்கலைக்கழகம் இவருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

டிகிரியெல்லாம் பழைய கதை, இனிமேல் திறமைக்குத்தான் வேலை என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநில அரசு 2022இல் தன் ஆயிரக்கணக்கான பணியிடங்களுக்குப் பட்டம் தேவையில்லை என்று அறிவித்தது. பெரிய பெரிய கம்பெனிகளும் வரிசையாக அப்படியே சொல்லின. சொன்னார்களே, செய்தார்களா என்று ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பார்த்து 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்த அறிவிப்புகளால் உண்மையிலேயே பட்டமில்லாதவருக்குக் கூடுதலாகக் கிடைத்த வாய்ப்பு, முந்தைய வருடம் நடந்த பணியமர்த்தல்களில் 700க்கு ஒன்றுகூட இல்லை! விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்குவது சுலபம். பழகிய கை பழைய ரெஸ்யூமைத்தான் எடுக்கிறது. உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'டிகிரி வேண்டாம்' என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதற்காகத்தான்.

நம் ஊரில் கதவைத் திறந்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாகப் பள்ளி முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாறாக அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் கற்றுக்கொடுத்துத் தன்னிடமே வேலைக்கு எடுக்கிறது. எச்.சி.எல்.லின் டெக்பீ திட்டத்தில் பன்னிரண்டாவது முடித்தவர்கள் பயிற்சி பெற்று, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்கலாம். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த இரண்டையும் விசாரித்துப் பாருங்கள். ஆனால் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. பள்ளி முடித்த கையோடு நுழைகிற கதவுகள் அவர்களுக்கு மூடிவிட்டன.

அவர்கள் என்ன செய்வது? கையெழுத்து என்றேன் அல்லவா? பட்டம் என்பது அடுத்தவர் ஒருவர் உங்களுக்காகக் கொடுக்கும் வாக்கு. உங்களை முன்பின் தெரியாத கம்பெனி அந்த வாக்கை நம்பி உங்களை உள்ளே கூப்பிடுகிறது. பட்டமில்லாதவர்கள் பெரும்பாலும் செய்யும் காரியம், தங்களுக்குத் தாங்களே வாக்குக் கொடுத்துக்கொள்வது. 'எனக்குப் பைத்தான் நன்றாகத் தெரியும்.' 'ஜாவாஸ்கிரிப்டில் பத்துக்கு ஒன்பது.' அது எத்தனை உண்மையாக இருந்தாலும் எடுபடாது. உங்களுக்கும் அடுத்தவர் வாக்கு வேண்டும். பல்கலைக்கழகம் தராவிட்டால் வேறு யாரிடம் அதைப் பெறுவது என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு நல்ல பதில் சென்ற மாதம் தானாக என்னைத் தேடி வந்தது.

பள்ளிப்பாளையம் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் ரெஸ்யூமை அனுப்பி, என்ன குறை என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவர். விசைத்தறிப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். ரெஸ்யூமில் பைத்தான், ஜாங்கோ, எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., எஸ்.க்யூ.எல். என்று ஒரு வரி. கீழே 'புராஜெக்ட்' என்ற தலைப்பில் செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் செயலி ஒன்று, வானிலை காட்டும் செயலி ஒன்று, கால்குலேட்டர் ஒன்று. இணையத்தில் கற்கும் ஒவ்வொருவரும் செய்கிற அதே மூன்று. ஆயிரம் ரெஸ்யூமில் இது ஆயிரத்து ஒன்றாவது.

போன் போட்டுப் பேசினேன். பேச்சுவாக்கில், பட்டறையில் சனிக்கிழமை கூலிக் கணக்கு எல்லாம் கையிலா போடுகிறீர்கள் என்று கேட்டேன். "இல்லீங் சார், அதுக்கு நானே ஒண்ணு எழுதி வெச்சிருக்கேனுங்க" என்றார். அவர் பட்டறை மட்டுமில்லை, பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்களாம். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார், அந்த ரகத்துக்கு மீட்டருக்கு என்ன கூலி, வாங்கிய முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது, கையில் எவ்வளவு கொடுப்பது எல்லாம் அதில் வருகிறது. கரண்ட் போனால் நுழைத்த கணக்கு அழிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் சேமிக்க வைத்திருக்கிறார். இதை ஏன் தம்பி ரெஸ்யூமில் போடவில்லை என்றால், "அதையெல்லாம் எப்படிங்க சார் போடறது? பட்டறைக் கணக்குங்க" என்கிறார்.

அந்த ரெஸ்யூமின் குறை அதுதான். வேறு எதுவுமே இல்லை. இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருளை வெட்கப்பட்டு உள்ளே வைத்துவிட்டு, கடைச்சரக்கை வெளியே பரப்பியிருக்கிறார்.

இன்னும் கிளறினேன். ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்ததாம். ஒவ்வொருவர் சீட்டிலும் இருக்கும் தொகையைக் கூட்டினால் வருவது ஒன்று, புரோகிராம் காட்டும் மொத்தம் இன்னொன்று. சில பைசாதான் வித்தியாசம். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பைசா இடித்தால் கணக்கே இடிக்கிறது என்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் சட்டம். அதில் நியாயமும் இருக்கிறது. தம்பி பல இரவுகள் உட்கார்ந்து தேடியிருக்கிறார். கம்ப்யூட்டர் தசம எண்களை இரண்டடிமான முறையில் வைப்பதால் சில எண்களை அதனால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. நம்பாதவர்கள் பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று சொல்லும். 2.675ஐ இரண்டு தசம இடத்துக்குத் திருத்தச் சொன்னால், நாம் எதிர்பார்க்கும் 2.68ஐ விட்டுவிட்டு 2.67 என்று சொல்லும். அதோடு, தனித்தனிக் கூலியைத் திருத்திவிட்டுக் கூட்டுவதும், கூட்டிவிட்டுத் திருத்துவதும் ஒரே விடையைத் தராது. இந்த இரண்டையும் கண்டுபிடித்து, கூலியை ரூபாயாக வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வைத்து, ஒவ்வொருவர் கணக்கையும் முதலில் முழுப் பைசாவுக்குத் திருத்தி, அதற்குப் பிறகே மொத்தம் போடும்படி மாற்றிவிட்டார். அதன்பின் கணக்கு இடிக்கவில்லை.

வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் இது. ஒரு பட்டறை மூலையில் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமல், அந்தத் தம்பி இதை எதிர்கொண்டு தீர்த்திருக்கிறார். நேர்முகத்தில் எதிரே உட்காரும் சீனியர் புரோகிராமர் கேட்க ஏங்குவது இந்தக் கதையைத்தான். அதைவிட முக்கியம், அந்தப் பட்டறைக்காரர்கள். வாராவாரம் தங்கள் காசை அந்தப் புரோகிராமை நம்பிப் பட்டுவாடா செய்கிறார்களே, அதுதான் நான் சொன்ன அடுத்தவர் வாக்கு. லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி, போன் நம்பரோடு கையெழுத்து வாங்கச் சொன்னேன். ரெஸ்யூமின் முதல் பத்தியை மாற்றச் சொன்னேன்: விசைத்தறிப் பட்டறைகளின் வாராந்தரக் கூலிக் கணக்குக்கு மென்பொருள், இத்தனை பட்டறைகளில், இன்ன தேதியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, பைசா வித்தியாசச் சிக்கலைக் கண்டுபிடித்துத் தீர்த்தது. ஜாங்கோ, சி.எஸ்.எஸ். எல்லாம் கீழே இருந்தால் போதும். வானிலைச் செயலியைத் தூக்கிவிடுங்கள் என்றேன். அதற்குத்தான் தயங்கினார்!

வாசகர்களே, உங்கள் பக்கத்திலும் ஒரு பட்டறைக் கணக்கு இருக்கும். டியூஷன் சென்டரின் ஃபீஸ் பாக்கி, மாமாவின் மருந்துக்கடையில் காலாவதியாகப் போகும் சரக்கின் பட்டியல், பால் சொசைட்டியின் காலை, மாலை அளவு, மகளிர் குழுவின் தவணை, வேன் டிரைவருக்கு எந்தப் பிள்ளை இன்று வரவில்லை என்ற தகவல். இதில் ஒன்றை எடுத்து, ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்தும் அளவுக்குச் செய்து முடியுங்கள். பயன்படுத்த ஆரம்பித்த இரண்டாம் நாளே அவர் உங்களைத் திட்டுவார். 'இங்கே ழ வரவில்லை', 'பிரிண்டில் பாதி வெட்டுப்படுகிறது', 'நேற்றுப் போட்டதைத் திருத்த முடியவில்லை'. அந்தத் திட்டை வாங்கித் திருத்துவதுதான் இந்தத் தொழில். எந்தப் பாடத்திட்டத்திலும் அது கிடைக்காது. அதைத் திருத்திய தேதியையும் காரணத்தையும் குறித்து வையுங்கள்.

குறித்து வைப்பதற்கென்றே கிட் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இந்தக் கருவி, புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு, காரணத்தோடு சேர்த்து வைக்கிறது. அதை ஊருக்குக் காட்டும் இடம் கிட்ஹப். பல பேர் வீட்டில் எழுதி முடித்த முழு புரோகிராமையும் ஒரே நாளில் மொத்தமாக ஏற்றிவிட்டு, 'ஃபைனல்' என்று ஒரு குறிப்பு போட்டுவிடுகிறார்கள். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தால் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது என்றுதான் நினைப்பார். கொஞ்சம் கொஞ்சமாக, செய்யச் செய்ய ஏற்றுங்கள். 'முன்பணம் கூலியைவிட அதிகமாக இருந்தால் மைனஸில் போவதைத் திருத்தினேன்' என்ற ஒரு மாற்றக் குறிப்பு, பத்து பக்க ரெஸ்யூமைவிடப் பேசும். கூடவே வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில், இது என்ன செய்கிறது, யாருக்காக, எப்படி ஓட்டுவது, இன்னும் எது சரியாக வரவில்லை என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. தன் வேலையின் குறை தெரிந்த ஆளுக்கு மதிப்பு அதிகம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த மாற்றக் குறிப்புகளின் தடத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அழகான ஒரு புரோகிராமை மட்டும் காட்டி இனி யாரையும் அசத்த முடியாது. அதை அரை நிமிடத்தில் ஏ.ஐ. எழுதித் தருகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும். அதனால் இன்டர்வியூவில் கேள்வியின் திசை மாறிவிட்டது. திரையைப் பகிரச் சொல்வார்கள். உங்கள் புரோகிராமிலேயே ஒரு இடத்தைக் காட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பார்கள். சின்னதாக ஒரு மாற்றம் செய்யச் சொல்வார்கள். ஏ.ஐ.யின் உதவியை வாங்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கம்பெனிகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். உங்களுக்குப் புரியாத ஒரு வரியும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மிகச் சாதாரணமான கேள்விகளிலும் கவனமாக இருங்கள். 'ஃபிஸ்பஸ்' என்று ஒரு பழைய கேள்வி உண்டு. 2007இல் ஜெஃப் அட்வுட் என்ற அமெரிக்கப் புரோகிராமர் எழுதிய கட்டுரை ஒன்றால் உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றிலிருந்து நூறு வரை எண்களை அச்சிட வேண்டும். மூன்றால் வகுபட்டால் எண்ணுக்குப் பதில் ஃபிஸ், ஐந்தால் வகுபட்டால் பஸ், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ். குழந்தை விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மூன்றை முதலில் சோதித்துவிட்டு, இல்லாவிட்டால் ஐந்து, அதுவும் இல்லாவிட்டால் பதினைந்து என்று எழுதியவருக்குப் பதினைந்தாவது எண்ணில் வெறும் ஃபிஸ் மட்டுமே வரும். எழுதும்போது தப்பு செய்வது பெரிதில்லை. ஓட்டிப் பார்த்து, பதினைந்தில் கண்ணை வைத்து, எங்கே தப்பு நேர்ந்தது என்று வாய்விட்டு யோசிக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். மௌனமாக உட்கார்ந்து சரியாக எழுதியவரைவிட, பேசிக்கொண்டே தப்பைத் திருத்தியவருக்கு வேலை கிடைத்ததை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அடுத்தவர் வாக்கு கிடைக்கும் இன்னொரு இடம், கட்டற்ற மென்பொருள். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் ஒரு மென்பொருளில் நீங்கள் ஒரு திருத்தம் செய்து அனுப்பினால், அதன் பொறுப்பாளர் அதைப் படிக்கிறார், கேள்வி கேட்கிறார், திருப்பி அனுப்புகிறார், ஒருநாள் ஏற்றுச் சேர்க்கிறார். உங்கள் டிகிரி என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த விவாதம் முழுவதும் பொதுவெளியில் இருப்பதால் வேலை கொடுப்பவர் படித்துக்கொள்ளலாம். முதல் நாளே பெரிய திருத்தத்துக்குப் போகாதீர்கள். பிழையறிக்கை எழுதப் பழகுங்கள்: நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, எந்தப் பதிப்பு. இந்த நான்கையும் தெளிவாக எழுதுகிறவர்கள் வேலையில் இருப்பவர்களிலேயே குறைவு. பிறகு விளக்கக் குறிப்புகளில் திருத்தம், தமிழாக்கம், அதன்பின் சின்னப் பிழை ஒன்று. கூகுளின் சம்மர் ஆஃப் கோடு திட்டம் 2005இலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது; 2022 முதல் பதினெட்டு வயது நிறைந்த, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையும் உண்டு.

எண்ணிக்கைக்காக மட்டும் செய்யாதீர்கள். 2020 அக்டோபரில் இப்படி ஒரு கூத்து நடந்தது. திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு அறிவித்ததும், ஒரு சொல்லை மாற்றி, ஒரு நிறுத்தக்குறியைச் சேர்த்து அனுப்பிய குப்பைகள் மலைபோல் குவிந்தன. கடைசியில் விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. குப்பை அனுப்பியவர்களின் பெயர்களும் பொதுவெளியில்தான் இருக்கின்றன.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆள் இருக்கிறது. 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், தமிழிலேயே லினக்ஸ், பைத்தான் எல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் சென்னைபை என்ற பைத்தான் குழுவும் பல ஆண்டுகளாகக் கூடிவருகின்றன. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் குழுக்கள் இருக்கின்றன. அங்கே போய் நீங்கள் செய்ததைப் பத்து நிமிடம் எழுந்து நின்று காட்டுங்கள். கூட்டத்தில் நாலு பேர் ஏதாவது கம்பெனியில் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள். உங்களைப் பற்றி அவர்களில் ஒருவர் தன் அலுவலகத்தில் சொல்லும் ஒரு வார்த்தை, அந்த எச்.ஆர். பட்டியலைத் தாண்டி உங்களை உள்ளே கொண்டுபோய் விடும். கம்பெனிகளில் ரெஃபரல் என்பதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கொஞ்சம் கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 'மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்' என்று அழைக்கும் கன்சல்டன்சிகளைப் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறீர்கள். பெயரளவில் இருக்கும் கம்பெனியின் லெட்டர்பேடில் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, கேட்டால் போன் எடுத்துப் பேச ஆள். அதற்கு லட்ச ரூபாய்! வேண்டவே வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகும் பின்னணி விசாரணை நடக்கும். வைப்புநிதிக் கணக்கு எண்ணை வைத்துப் பார்த்தால் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கறை அடுத்த கம்பெனிக்கும் தொடரும். எந்தத் திறமையை நிரூபிக்கப் பாடுபடுகிறீர்களோ அதன்மேல் நீங்களே மண்ணை அள்ளிப் போடுகிற வேலை அது.

ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கற்பதற்காகப் படியுங்கள். இருபது சான்றிதழை வரிசையாக அடுக்குவதில் பலன் குறைவு. வீடியோ ஓடி முடிந்தாலே கிடைப்பவை அவற்றில் பல என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதற்காகப் பட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு வேலைகளுக்கும் பல வெளிநாட்டு விசாக்களுக்கும் அது வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்கு மூன்று வருட அனுபவம் ஈடு என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு வருடப் பட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம்! ஜெர்மனி கொஞ்சம் தாராளம். 2023 நவம்பர் முதல், கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருடமாவது ஐ.டி. துறையில் அதற்கான தரத்தில் வேலை பார்த்தவருக்கு, பட்டம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட சம்பளத்தில் வேலை கிடைத்தால் நீல அட்டை என்ற வேலை அனுமதியைக் கொடுக்கிறார்கள். உள்ளூரில் இருந்தபடியே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை; நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். கையில் வேலை கிடைத்த பிறகு இதையும் யோசியுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் கிட்ஹப்பைத் திறந்து காட்ட முடியாது பாருங்கள்!

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் புரோகிராமைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசி போனில் பதிவு செய்யுங்கள், கேளுங்கள், திரும்பப் பேசுங்கள். சொந்தமாகச் செய்த காரியத்தைப் பற்றிப் பேசும்போது சொற்கள் எப்படியோ வந்துவிடும்.

இந்த இதழைப் படிக்கும் கம்பெனி முதலாளிகளும் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். கோவையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பத்துப் பேர், இருபது பேரோடு நடத்துகிறீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடம் புலம்புகிறவர்களும் நீங்களே. தையல் கடைக்கு வேலை கேட்டு வருபவரிடம் மாஸ்டர் சான்றிதழா கேட்கிறார்? ஒரு துணியைக் கொடுத்து, தையலைப் பிரித்துப் பார்க்கிறார். நீங்களும் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சின்னது என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு வாரம் ராப்பகலாக முழு வெப்சைட்டையும் எழுத வைத்து, வாங்கி வைத்துக்கொண்டு, பதிலே போடாமல் விடுவது நல்ல பழக்கமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை என்றால் அதற்குக் காசு கொடுங்கள்.

நமது பங்குக்கு ஒன்று செய்யலாம் என்று ஆசிரியர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம், வாசகர்கள் எழுதிய மென்பொருள்களுக்கு. யாரோ ஒருவர் உண்மையில் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும்; அவர் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்; அதில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலையும் தீர்த்த விதத்தையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் எழுதி அனுப்புங்கள். ரெஸ்யூம் வேண்டாம், மார்க் ஷீட் வேண்டாம். நமது தொடரை எழுதுகிறவர்கள் படித்துப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்தலாம் என்று பெயர் போட்டே குறிப்பு எழுதுவார்கள். முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் பிறந்து இருபதாம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழில் சேர்க்க வசதியாக இருக்கும். அந்த மதுரை வாசகி முதல் ஆளாக அனுப்புவார் என்று எதிர்பார்க்கிறேன். பள்ளி வேனுக்கு ஏதோ செய்து வைத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்